பரஸ்தானம் போன பெட்டி

ஏலே, "எல்லாம் ஓகே அம்மா, டோன்ட் வொர்ரி" என்று நீ அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கட்டைவிரல் படம் வேறு. அதில் ஒரு எழுத்தைக்கூட நான் நம்பவில்லை. உனக்கு இதுவரைக்கும் எது ஓகே இல்லாமல் இருந்திருக்கிறது? மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தபோதும் இதே ஓகேயைத்தானே சொன்னாய். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். போனில் என்றால் நான் கத்துவேன், நீ எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்பாய், வைத்துவிடுவாய். தமிழ் வாசிக்க வராது என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. நியூ ஜெர்சியில் பனி கொட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு வண்டி ஓட்டிக் கூட்டிக்கொண்டு போனது நான். சாயங்காலம் கலிபோர்னியாவுக்கு விமானம் பிடிக்கணும் என்று சொல்லிக்கொண்டு உன் அப்பா அந்நேரம் போர்வைக்குள் கிடப்பார். இதை நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் போடப்போகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. "என் பிள்ளை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிற தாய் தகப்பன்மார் தென்காசியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

நடந்ததை ஒழுங்காகவே சொல்லுகிறேன். நீ பிறந்தது அமெரிக்காவில், வளர்ந்தது அமெரிக்காவில், கையில் இருப்பது அமெரிக்க பாஸ்போர்ட். நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் நானும் உன் அப்பாவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கே வந்துவிட்டோம். இப்போது உன் காலேஜ் உன்னை ஒரு வருசம் இங்கிலாந்தில், மான்செஸ்டரில் படித்துவிட்டு வரச் சொல்லி அனுப்புகிறது. அதற்கு முன்னால் லீவுக்கு எங்களிடம் வந்தாய், இங்கிருந்தே நேராக அங்கே போவதாக ஏற்பாடு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நீ வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த ஊரில் எத்தனை பேர் லண்டன் நிபுணர்கள் ஆனார்கள்! செங்கோட்டையைத் தாண்டி கொல்லம் வரைக்கும் ரயிலில் போய்வந்த ஆட்களெல்லாம் நம் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, "அங்கன எப்பவும் மழதான் பாத்துக்கோ, நம்ம குத்தாலச் சாரல் மாதிரி" என்று உனக்கு வகுப்பெடுத்தார்கள். குற்றாலச் சாரலாம்! சாரலில் நனைந்தால் சூடாக பஜ்ஜி தின்னத் தோன்றும். அங்கே மழையில் நனைந்தால் குளிர் எலும்புக்குள் போய்க் குடியிருக்கும், குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் தண்ணீர் இறங்காத கோட்டு என்று அடுக்கடுக்காகப் போடவேண்டும். உனக்கு இது தெரியாதா? பனியிலேயே வளர்ந்தவன்தானே. ஆனாலும் "ஓ, அப்படியா மாமா" என்று கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவர்கள் போன பிறகு உன் முகத்தைப் பார்த்தேன், ஒரு சின்னச் சலிப்புகூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன் அப்பாவை விட்டுவிட்டால் அவருக்குக் குறையாக இருக்கும். "அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு எவன் விசா கேப்பான்? கதவத் தொறந்து வாங்கன்னு சொல்லுவான்" என்றார். அவர் இருபது வருசம் கம்ப்யூட்டரில் பெரிய வேலை பார்த்தவர், அதனால் உலகத்தில் எதையும் படித்துப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பு. சுற்றிப் பார்க்கப் போகிறவன் கதை வேறு, ஒரு வருசம் படிக்கப் போகிறவனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட்டாக இருந்தாலும் மாணவர் விசா வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நான் சொன்னேன். நீ என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா? அவரிடம் "அப்பா சொல்றதும் சரியா இருக்கலாம்" என்றாய், என்னிடம் "அம்மா சொல்றதும் சரியா இருக்கலாம்" என்றாய். விசா என்ன பட்டிமன்றமாலே, ரெண்டு பக்கமும் சரியாக இருக்க? நான்தான் உன்னை இழுத்துவைத்து விண்ணப்பிக்க வைத்தேன். விசா வந்ததும் "நான் அப்பவே சொன்னேன்லா, அமெரிக்கக்காரனுக்கு உடனே குடுத்துருவான்னு" என்றார் உன் அப்பா. அதற்கும் நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய்.

அப்புறம் சாமான் கட்டுகிற படலம். உன் முடிவெட்டுகிற மெஷினை நான்தான் வெளியே எடுத்துப் போட்டேன். அது அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது. அங்கே நூற்றுப்பத்து வோல்ட், இங்கிலாந்தில் நம் ஊர் மாதிரி இருநூற்று முப்பது. செருகின உடனே புகைந்துவிடும். நாம் அமெரிக்காவிலிருந்து ஆசை ஆசையாய்த் தூக்கிவந்த ரைஸ் குக்கர் தென்காசிக்கு வந்த முதல் நாளே கருகி நாறியதே, அதை மாட்டியது உன் அப்பா, எங்களைக் கொண்டுவந்து விட லீவு போட்டுக் கூட வந்து, பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றது நீ. "பின்னால எழுதியிருந்தத பாத்தேன்மா, அப்பா கோவப்படுவாங்கன்னு சொல்லல" என்று ரெண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னாய். நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். போன் சார்ஜரும் லேப்டாப் சார்ஜரும் எந்த மின்சாரத்தையும் தாங்கும், செருகுகிற முனையைத்தான் மாற்றவேண்டும். அமெரிக்காவின் தட்டை முனையும் சேராது, நம் ஊர் உருண்டை முனையும் சேராது, அங்கே மூன்று பட்டைக் கால் வைத்த பெரிய பிளக். அதற்கு அடாப்டர் வாங்கி உன் கைப்பையில் போட்டேன்.

உன் அத்தை வந்தாள். உன் அப்பாவின் அக்கா, எனக்கு மதினி. குத்துக்கல்வலசையில் புதிதாகப் போட்ட பிளாட்டில் மாடிவீடு கட்டி, வாசலில் ரெண்டு சிங்கத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறவள். "மருமவனே, அங்கன எல்லாம் பச்சத் தண்ணியும் ரொட்டியும்தானாம்லா" என்று சொல்லிக்கொண்டே ஒரு டப்பா பால்கோவாவையும் ஒரு தூக்கு நெய்யையும் எடுத்து வைத்தாள். பாலில் செய்தது எதையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் மதினி, விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்றேன். "அதெப்படி, நெய்யி மருந்துல்லா" என்றாள். உன்னைப் பார்த்தேன். உனக்கு இந்தச் சட்டம் தெரியும், காலையில்தான் நாம் ரெண்டு பேரும் படித்தோம். "பரவால்லம்மா, அத்தை ஆசையா கொண்டுவந்திருக்காங்க" என்றாய். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? "வேண்டாம் அத்தை, அங்க விடமாட்டாங்க" என்று சொல்ல எத்தனை பல் விழும்? அந்த டப்பாக்களை அவள் போனதும் நான் எடுத்துவிட்டேன். அது அவளுக்கு எப்படியோ தெரிந்து, என்னைத்தான் கல்நெஞ்சுக்காரி என்றாள். நல்ல பிள்ளைப் பட்டம் உனக்கு.

இதெல்லாம் சின்ன விஷயம். பரஸ்தானம் என்று ஒன்றைக் கிளப்பினார்களே, அங்கேதான் உன் உயிரே ஊசலாடியது. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, சொல்லுகிறேன். நீ கிளம்புகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலமாம், அன்றைக்கு மேற்குத் திசையில் பயணம் போனால் காரியம் கெட்டுப்போகுமாம். இங்கிலாந்து மேற்கே இருக்கிறது. அதற்குப் பரிகாரம், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணச் சாமானில் ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அப்படி வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்த சாமானைப் பயண நாளில் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாமே தவிர, திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இதைச் சொன்னது யார்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு விமானம் ஏறிப்போய் வேலை பார்த்து, அதில் வந்த சம்பளத்தில் வீடு கட்டிய உன் அப்பா! "அப்பவெல்லாம் ஏங்க சூலம் குத்தல? அமெரிக்க சூலத்துக்கு மொன மழுங்கியா இருந்துச்சு?" என்று கேட்டேன். "ஒனக்கு எல்லாம் வெளையாட்டுதான்" என்றார். ஒரு வேட்டியையோ துண்டையோ கொண்டுபோய் வைத்தாலே போதும் என்று பஞ்சாங்கக்காரரே சொன்னார். உன் அப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்தால் தூக்கம் வராது. உன் பெரிய பெட்டியையும் முதுகுப்பையையும் சேர்த்தே தூக்கிக் காரில் வைத்தார், குத்துக்கல்வலசைக்குக் கொண்டுபோக. அது வீட்டிலிருந்து எந்தத் திசை என்று யாரும் பார்க்கவில்லை.

அந்த முதுகுப்பையில் உன் இன்ஹேலர் எல்லாம் இருந்தது. சின்ன வயதிலிருந்து உனக்கு வீசிங். மூச்சு இழுக்கும்போது அடிக்கிற நீல நிறப் பம்பு, காலையும் மாலையும் போடவேண்டிய இன்னொன்று, ரெண்டையும் ஒரு வருசத்துக்கு வேண்டுமென்று அமெரிக்க டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். உன் கால்சட்டைப் பையில் இருந்தது தீர்ந்துபோகிற நிலையில் ஒன்றே ஒன்று. உன் அப்பா பையைத் தூக்குகிறபோது நீ வாசலில் நின்றாய். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன், உன் வாய் திறந்தது. "சீக்கிரம், சீக்கிரம், நல்ல நேரம் முடியப் போவுது" என்று அவர் கத்தினார். உன் வாய் மூடிக்கொண்டது. போதாததற்கு கார் கதவை நீயே திறந்துவிட்டாய். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நல்ல நேரத்தைத் தூக்கி சாக்கடையில் எறிந்திருப்பேன்.

மறுநாள் உன் அத்தை வீட்டைப் பூட்டிக்கொண்டு வடகரைக்குப் போய்விட்டாள், தோப்பில் தேங்காய் வெட்டு என்று. அன்றைக்குக் காலையில் உன் பம்பு தீர்ந்துவிட்டது. நீ என்ன செய்தாய் என்று ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் எனக்குத் தெரியவந்தது. யாருக்கும் தெரியாமல் முக்கு மெடிக்கலுக்குப் போய், அமெரிக்காவில் அந்த மருந்துக்கு என்ன பெயரோ அந்தப் பெயரைச் சொல்லி, "அல்பியூட்டரால் இருக்கா" என்று கேட்டிருக்கிறாய். "அது இங்கன வராது தம்பி" என்றிருக்கிறார் கடைக்காரர். "தேங்க்ஸ் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாய்! அதே மருந்துதான்லே, இங்கேயும் இங்கிலாந்திலும் அதற்கு சால்பியூட்டமால் என்று பெயர். அந்தக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். "எனக்கு வீசிங் இருக்கு, மூச்சுக்கு அடிக்கிற பம்பு வேணும்" என்று ஒரு வாக்கியம் கூடச் சொல்லியிருந்தால் எடுத்துக் கையில் கொடுத்திருப்பார். அந்த ஒரு வாக்கியம் சொல்ல உனக்கு மனசு வரவில்லை. அவருக்குத் தொந்தரவாம், பின்னால் ஆள் நின்றார்களாம். என்ன தாராளம்!

அன்றைக்கே குற்றாலம். "சீசன்ல வந்துட்டு தலய நனைக்காம பிளேன் ஏறுவானா" என்று உன் அப்பா. ஆவணி கடைசி ஆனாலும் ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது, கூட்டம் நெரிந்தது, குளிர்ந்த சாரல் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் பெண்கள் பக்கம் போனேன். உன் அப்பா துண்டு, சட்டை, கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் உன் கையில் கொடுத்து, "இங்கனயே நில்லு, நான் குளிச்சிட்டு வந்ததும் நீ போ" என்று சொல்லிவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குள் போய்விட்டார். அருவிக்குள் போன மனிதனுக்கு நேரம் தெரியுமா? நான் குளித்து, உடை மாற்றி, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், ஈரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய். தோள்பட்டை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிறது, கழுத்துக்குழி உள்ளே போகிறது, உதடு நீலம். மடியில் உன் அப்பாவின் சட்டை மடித்தபடி இருக்கிறது, நனையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய்! "என்னலே, என்ன செய்யுது?" என்று கேட்டேன். "ஓகேம்மா, ஐயாம் ஓகே" என்றாய். ரெண்டு வார்த்தைக்கு நடுவில் நாலு தடவை மூச்சு வாங்கினாய். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என்னிடம் சொன்னார், "நானும் கேட்டேம்மா, நல்லாருக்கேன் சார்னு சிரிச்சாப்ல" என்று. உன் பக்கத்தில் நூறு பேர் இருந்தார்கள். ஒருத்தர் கையைப் பிடித்து "மூச்சு விட முடியல" என்று சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள், நம் ஊர் ஜனத்துக்கு அந்தப் புத்தி இருக்கிறது. நீ சட்டை காத்துக்கொண்டிருந்தாய்.

உன் அப்பாவை அருவிக்குள்ளேயே விட்டுவிட்டு, ஆட்டோவில் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு தென்காசிக்கு வந்த வழியெல்லாம் நான் என்ன நினைத்தேன் என்று எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. செத்துப்போவாய் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் முகமூடியை மாட்டி நெபுலைசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். டாக்டர் சின்னப் பெண்தான், "எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டாள். நீ முகமூடியை விலக்கி, "இப்பத்தான்" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். "இது இப்ப வந்த மாதிரி இல்லம்மா. நேத்தே ஆரம்பிச்சிருக்கும். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றாள். அவளிடமும் பொய், அதுவும் எதற்கு? யார் மனசு நோகும் என்று? அவள் போனதும் உன்னிடம் விஷயத்தைப் பிடுங்கினேன். "பெட்டிய திருப்பிக் கொண்டுவரக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. அப்பா ரொம்ப கேர் எடுத்து செஞ்சாங்க. அதான்" என்றாய். என் வாயில் அன்றைக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பக்கத்துக் கட்டில்காரர் சீரியலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

உன் அத்தைக்கு போன் போட்டேன். "மதினி, பெட்டி வேணும், சாவி எங்கன இருக்கு?" என்றேன். "ஏட்டி, பரஸ்தானம் வச்ச பெட்டிய நடுவுல எடுக்கப்பிடாதுட்டி, புள்ளைக்கு ஆவாது" என்றாள். "புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கான் மதினி." "அதத்தான் சொல்லுதேன். இப்ப எடுத்தா இன்னும் ஆவாது." போனை வைத்தேன். மருந்து உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும், அதற்குள் வாங்கியும் கொடுத்துவிட்டேன். நான் குத்துக்கல்வலசைக்குப் போனது கோபத்துக்காகத்தான், ஒத்துக்கொள்ளுகிறேன். பக்கத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் கடப்பாரையைக் கேட்டு வாங்கினேன். அந்த ரெண்டு சிங்கமும் பார்க்கப் பூட்டை நெம்பித் திறந்தேன். உன் அப்பா பின்னாலேயே வந்து தெருவில் நின்றுகொண்டு, "சகுனம், சகுனம்" என்று புலம்பினார். உள்ளே போய் உன் முதுகுப்பையைத் திறந்தால், பால்கோவா! நெய்! மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இடம் பண்ண உன் மழைக்கோட்டை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். உன் பம்பு எல்லாம் அடுப்படி அலமாரியில், மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தது. பயணச் சாமானில் மருந்து இருந்தால் வழியெல்லாம் நோயாம், அதனால் எடுத்து வைத்தாளாம். யோசித்துப் பார், நீ ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாய். மான்செஸ்டரில் போய்ப் பையைத் திறந்து நெய்த்தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்திருப்பாய். அப்போதும் "அத்தை ஆசையா வச்சிருக்காங்க" என்றுதான் சொல்லியிருப்பாய்.

டாக்டர் சொன்னபடி பயணத்தைத் தள்ளிவைத்தோம், புதன்கிழமை டிக்கெட் கிடைத்தது. இதில் உச்சகட்டம் என்ன தெரியுமா? உன் அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தார். "பாத்தியா, புதன்கிழமை வடக்கேதான் சூலம். மேற்கே போலாம். எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கு" என்றார். பெற்ற பிள்ளை முகமூடியோடு கிடந்ததும் நல்லதுக்காம்! உன் அத்தைக்கு போன் போட்டு இதைச் சொன்னார், அவள் அங்கே ஊரெல்லாம் சொன்னாள். இப்போது தென்காசியில் உன்னைக் காப்பாற்றியது பரஸ்தானம் என்றுதான் பேச்சு. பூட்டை உடைத்தவள் என்று எனக்கும் ஒரு பெயர் வந்திருக்கிறது. அந்தப் பேச்சை உன் காது படவே பேசினார்கள், நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

உனக்கு இந்தப் புத்தி எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தேன். நாலாம் வகுப்பில் உன் டீச்சர் வருசம் பூராவும் உன்னை வேறொரு இந்தியப் பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளே. நீயும் "யெஸ்" என்று எழுந்து நின்றிருக்கிறாய். நானும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போனபோதுதான் வெளியே வந்தது. அதை எத்தனை வீட்டு விருந்தில் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்! "எங்க பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை" என்று நானே சொன்னேன். பொறுமையாவது மண்ணாவது. அன்றைக்கே உன்னை அந்த டீச்சர் முன்னால் நிறுத்தி, உன் பெயரை உன் வாயால் சொல்லவைத்திருக்க வேண்டும்.

நீ போயிருக்கிற ஊரில் எல்லாரும் உன்னைவிட மரியாதைக்காரர்கள் என்று கேள்வி. காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கிற ஊராம். உனக்கு அது சொர்க்கம், எனக்கு அதுதான் பயம். நீ "ஓகே" என்றால் அவர்கள் "ஓகே" என்று போய்விடுவார்கள், என்னை மாதிரி கழுத்துக்குழியைப் பார்க்க மாட்டார்கள். அதனால் கேள். இன்னும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்யவில்லை என்றால் இதை வாசித்து முடித்ததும் போய்ச் செய். ஜி.பி. என்பார்கள், பதிவு செய்தால்தான் மருந்து எழுதித் தருவார்கள், உடம்புக்கு வந்த பிறகு போய் நிற்கிற வேலை அங்கே நடக்காது. வீசிங் என்று முதல் வார்த்தையாகச் சொல். அவர்கள் தேதியை நாள், மாதம் என்று எழுதுவார்கள், நீ அமெரிக்கப் பழக்கத்தில் மாதம், நாள் என்று வாசித்து டாக்டர் தேதியைக் கோட்டைவிட்டு நிற்காதே. ரோட்டைக் கடக்கும்போது தென்காசியில் பார்க்கிற மாதிரி முதலில் வலப்பக்கம் பார். ஆபத்து என்றால் 911 இல்லை, 999. உன் அறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால், அந்த ஊர் ஈரத்துக்கு இருக்கும், அதற்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு வருசம் முழுக்க இருமாதே. ஆபீசில் போய் வேறு அறை கொடு என்று கேள். இல்லை என்றால் மறுநாளும் போய்க் கேள். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அவர்கள் முகம்தானே. பக்கத்து அறைப் பையனிடம் உன் நீலப் பம்பு எங்கே இருக்கிறது என்று காட்டி வை. இதைக் கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தைக் கண்டால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இப்போது கடைசி விஷயம். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் காரில் வைத்து, "அடுத்த மாசம் நான் அங்க வந்து ஒன்கூட கொஞ்ச நாள் இருக்கேன்லே" என்றேன். "சரிம்மா, வாங்க" என்றாய். உடனே சொன்னாய், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். உன் அறையில் ஒற்றைக் கட்டில், விருந்தாள் தங்க அனுமதி கிடையாது, புது நண்பர்கள் முன்னால் அம்மா சமையல் பாத்திரத்தோடு நிற்பாள், இதெல்லாம் உன் முகத்தில் ஓடியது. உனக்கு நான் வருவது பிடிக்கவில்லை. பிடிக்காதது தப்பே இல்லை, இருபது வயதில் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் "சரிம்மா" என்றாய். நானும் விசா வாங்கி, டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

ஊரையெல்லாம் ஏசிவிட்டு நானும் அவர்கள் செய்ததையேதான் செய்கிறேன், தெரிந்தேதான் செய்கிறேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ராத்திரி விழித்துக்கொண்டால் உன் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று அடுத்த அறைக்குக் காது கொடுக்கிறேன், அங்கே யாரும் இல்லை. நான் வரத்தான் ஆசைப்படுகிறேன், அதனால் நானாக டிக்கெட்டை ரத்து செய்ய மாட்டேன். வந்தால் உன் பம்பை நான் எடுத்துக் கையில் தருவேன், உன் டாக்டரிடம் நான் பேசுவேன், உன் அறையை நான் மாற்றிக் கேட்பேன், நீ பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பாய். நான் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் மூச்சு முட்டினால், பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருத்தனிடம் சிரித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாய். அதனால் போனை எடு. செய்தி அனுப்பாதே, படம் அனுப்பாதே, கூப்பிடு. "அம்மா, வராத" என்று உன் குரலில் சொல். எனக்கு வலிக்கும், நான் அழுவேன், உன்னை நன்றிகெட்டவன் என்றுகூடச் சொல்லுவேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அதற்குப் பயந்து "சரி, வாங்க" என்று மாற்றிச் சொன்னாயோ, கிளம்பி வந்துவிடுவேன். நான் அழுதாலும் இன்னொரு தடவை சொல்லு மக்கா. என்னை நீதான் நிறுத்தணும்.